ஊட்டியில் படிவது உறைபனி

அன்புள்ள ஆசிரியருக்கு,

டிசம்பர் பிறந்துவிட்டால் தலைகுந்தா புல்வெளியும் காந்தல் மைதானமும் வெளுத்துக் கிடக்கும் படங்கள் பத்திரிகைகளில் வந்துவிடும். கூடவே ‘ஊட்டியில் பனிப்பொழிவு’ என்று ஒரு தலைப்பு. இங்கே பனி பொழிவதில்லை, படிகிறது. மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டுக் குளிர்கிறது. அதை ஒட்டிய காற்றின் ஈரம் தண்ணீராகாமல் நேரே படிகமாகிப் புல் நுனியில் ஒட்டிக்கொள்கிறது. காலை 6 மணிக்குக் குனிந்து பார்த்தால் குட்டி இறகுகள் போலத் தெரியும். வெயில் ஏறியதும் ஈரம்தான் மிச்சம்.

சொல் சுத்தத்துக்காக மட்டும் இதை எழுதவில்லை. ‘ஊட்டிப் பனியையே பார்த்தவங்க நாங்க’ என்ற தைரியத்தில் குளிர்காலத்தில் இமயமலைக்கு டிரெக்கிங் கிளம்புகிறவர்கள் இருக்கிறார்கள். ஸ்வெட்டரும் ஷூவும் குளிருக்குச் சரி. பனிச்சரிவுக்கு அவை உதவாது. வேடிக்கை என்னவென்றால், நாம் படமெடுக்கும் இதே இறகுப் படிகம் அங்கே பனிப்பரப்பின் மேலும் படிகிறது. அதைப் புதுப்பனி மூடிவிட்டால், ஒட்டாத ஓர் அடுக்கு உள்ளே ஒளிந்துகொள்ளும். பனி மெலிதாகவும் குளிர் கடுமையாகவும் இருக்கும் இடங்களில் அடிப்பகுதியும் ரவை போல உதிரியாகிவிடும். இவற்றின் மேல் கெட்டியான பலகை போல ஓர் அடுக்கு அமைந்த பின், ஒரு மனிதரின் எடை போதும், அது அப்படியே பெயர்ந்து சரிந்துவிடும். சிக்குகிறவர்களில் பெரும்பாலோர் தாங்களோ தங்கள் குழுவினரோ கிளப்பிவிட்ட பனிச்சரிவில்தான் சிக்குகிறார்கள்.

மலைச்சரிவின் கோணத்தை முதலில் பாருங்கள். 30 முதல் 45 டிகிரிக்குள்தான் ஆபத்து அதிகம்; மொபைலிலேயே அளக்கலாம். நாம் நடப்பது சமதளமாக இருந்தாலும் தலைக்கு மேலே அப்படியொரு சரிவு நின்றால் கணக்கு ஒன்றுதான். ஒரே நாளில் 30 செ.மீ. புதுப்பனி, காற்று அள்ளிவந்து குவித்த மேடு, திடீர் வெயில், காலடியில் ‘வும்ப்’ என்று அமுங்கும் சத்தம், பாதத்திலிருந்து ஓடும் விரிசல்: இதில் ஒன்று தென்பட்டாலும் திரும்பிவிட வேண்டும்.

சந்தேகமிருந்தால் செங்குத்தற்ற, பத்திரமான ஓரிடத்தில் 30 செ.மீ.க்கு 30 செ.மீ. தூணாகப் பனியை வெட்டி, மேலே மண்வெட்டியின் தகட்டை வைத்துத் தட்டிப் பார்ப்பார்கள். மணிக்கட்டிலிருந்து 10 தட்டு, முழங்கையிலிருந்து 10, தோளிலிருந்து 10. ஆரம்பத் தட்டுகளிலேயே ஓர் அடுக்கு வழுக்கி வந்தால் அந்தப் பக்கம் போகக்கூடாது. வராவிட்டால் பத்திரம் என்றும் அர்த்தமில்லை. 20 மீட்டர் தள்ளி வெட்டினால் விடை மாறலாம்.

புதைந்தவரை முதல் 10, 15 நிமிடங்களுக்குள் தோண்டி எடுத்தால்தான் பிழைக்க நல்ல வாய்ப்பு. அதன்பின் மூச்சடைத்து வேகமாகக் குறைகிறது. ஹெலிகாப்டர் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும், பக்கத்தில் இருப்பவர்தான் எடுக்க வேண்டும். அதனால் புதைந்தவர் இருக்குமிடத்தைச் சிக்னலால் காட்டும் 457 கிலோஹெர்ட்ஸ் டிரான்ஸ்ஸீவர், 240 செ.மீ.க்குக் குறையாத துழாவும் கம்பி, உலோக மண்வெட்டி மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும். பத்துப் பேருக்கு ஒரு செட் என்பது ஏமாற்று வேலை. மொபைல் பக்கத்தில் இருந்தால் கருவி குழம்பும்; தேடும்போது அரை மீட்டராவது தள்ளி வைக்க வேண்டும். ஆபத்தான சரிவை ஒவ்வொருவராகத்தான் கடக்க வேண்டும்.

பழகியவர்களும் தப்புவதில்லை. 2022 அக்டோபர் 4 அன்று உத்தரகாசியில் திரௌபதி கா தண்டா சிகரத்தில் சிக்கியது மலையேற்றப் பயிற்சிக் குழுதான்.

ஊட்டிக்கு அருகிலுள்ள நம் அவலாஞ்சிக்கு, ஆங்கிலத்தில் பனிச்சரிவைக் குறிக்கும் ‘அவலாஞ்ச்’ போன்ற அந்தப் பெயர் வந்ததே 1800களின் தொடக்கத்தில் நேர்ந்த பெரும் மண்சரிவால்தான்; அதற்கும் பனிக்கும் சம்பந்தமில்லை.

அடுத்த டிசம்பரில் தலைப்பில் ‘உறைபனி’ என்றே போடுங்கள். இமயமலைச் சுற்றுலாக் கட்டுரை வெளியிடும்போது, பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டி.ஆர்.டி.ஓ.வின் கீழ் சண்டிகரில் இயங்கும் டி.ஜி.ஆர்.இ. மையம் பனிச்சரிவு எச்சரிக்கை வெளியிடுகிறது என்பதையும், அதன் 5 ஆபத்துப் படிகளில் 3 என்பது ‘பரவாயில்லை’ என்று பொருள்படாது என்பதையும் ஒரு பெட்டிச் செய்தியாகச் சேர்க்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோத்தகிரி