சினாராவின் நிழல்

அன்புள்ள தம்பிக்கு,

போன வாரம் போனில் "அவளை மறந்துட்டேம்மா" என்று மூன்று தடவை சொன்னாய். அந்த மூன்றாவது தடவைதான் என்னைத் தூங்கவிடவில்லை. எழுந்து உட்கார்ந்து ஆங்கிலக் கவிஞர் எர்னஸ்ட் டவ்சனின் சினாரா கவிதையை எடுத்துப் படித்தேன். வருஷா வருஷம் வகுப்பில் நடத்திய கவிதை.

1891இல் வந்தது. தலைப்பு பழைய ரோமானியக் கவிஞர் ஹொரேஸின் லத்தீன் வரி: நல்லவள் சினாராவின் ஆட்சியில் இருந்தபோது இருந்த ஆள் இல்லை இப்போது நான். நேற்றிரவு வேறொருத்தியின் உதட்டுக்கும் என் உதட்டுக்கும் நடுவே உன் நிழல் விழுந்தது, சினாரா என்று கவிதையில் பேசுகிறவன் தொடங்குகிறான். காசுக்கு வாங்கிய முத்தம். விழித்தால் விடியல் சாம்பலாகக் கிடக்கிறது. ரோஜாக்களை வாரி இறைக்கிறான், இன்னும் வெறியான இசை, இன்னும் கடுமையான மது என்று கத்துகிறான். விளக்கு அணைந்ததும் மறுபடி அவள் நிழல். நாலு ஸ்டான்சாவிலும் ஐந்தாவது வரி மட்டும் குட்டை. வாய்விட்டுப் படித்துப் பார், தொண்டை அடைத்து நிற்கும். அதற்கு அப்புறம்தான், "என் வழியில் உனக்கு உண்மையாகத்தான் இருந்தேன், சினாரா."

லண்டன் சோஹோவில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த போலந்துக்காரரின் மகள் அடிலெய்டு மேல் டவ்சன் உயிரையே வைத்திருந்தார். பழக்கமானபோது அவள் பதினொன்று, பன்னிரண்டு வயதுக் குழந்தை. அதைக் காதல் என்று சொல்ல எனக்கு வாய் வந்ததில்லை. 1896இல் தொகுப்பை அவளுக்குச் சமர்ப்பித்தார். மறு வருஷம் அவள் வேறொருவரைக் கட்டிக்கொண்டாள். 1900இல், 32 வயதில், இவர் போய்விட்டார். அவள்தான் சினாராவா, தெரியாது. கவிதையில் சினாராவுக்கு முகம் கிடையாது, அவள் ஒரு வார்த்தை பேசுவதும் இல்லை.

நீ மறந்ததாகச் சொன்னவளும் உன்னிடம் நிழலாக மட்டும் மிஞ்சிவிடுவாளோ என்றுதான் பயப்படுகிறேன் தம்பி. நம் அடுப்படியில் நின்று, கரண்டியோடு ரசத்தை ருசிபார்த்து, "பெருங்காயம் தூக்கலா இருக்கு அத்தை" என்று என் முகத்துக்கு நேரே சொன்னாளே, அந்தப் பெண்ணை நினைத்துக்கொள். அவளை மறக்கவேண்டும் என்று நான் கேட்கவே மாட்டேன். எனக்கே முடியவில்லை.

டவ்சனை லண்டன் லேடிவெல் கல்லறையில் புதைத்திருக்கிறார்கள். லூயிஷமில் உன் வீட்டிலிருந்து நடந்தே போகலாம். ஞாயிற்றுக்கிழமை போய்விட்டு வா. குளிருக்குக் கழுத்தை மூடிக்கொள். வந்ததும் கூப்பிடு, இங்கே எத்தனை மணி ஆனாலும் சரி.

அம்மா