'வம்ச வியாதி' என்ற பேச்சு

ஆசிரியருக்கு வணக்கம்.

உடலின் எதிர்ப்புச் சக்தி தன் உடலையே தாக்கும் லூபஸ் என்ற நோயைப் பற்றிச் சென்ற வாரம் நீங்கள் வெளியிட்ட குறிப்பு, அதைப் 'பரம்பரை நோய்' என்று ஒரே வரியில் சொல்லி முடித்துவிட்டது. அந்தச் சொல் தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான ஒரு லயத்துக்குள் வந்தால் என்ன செய்யும் என்பதை எங்கள் வீட்டில் பார்த்தவள் நான்.

என் அக்கா மகளுக்கு 19 வயதில் கன்னம் சிவந்தது, விரல் மூட்டெல்லாம் வலித்தது. வெயிலில் கொழுந்து பறித்த நாட்களில் இன்னும் மோசம். வாதம் என்று சொல்லியே இரண்டு வருடம் வலி மாத்திரை கொடுத்தார்கள். கால் வீங்கி, சிறுநீர் நுரைத்துப் போன பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். பேசி வைத்திருந்த சம்பந்தமும் நின்றது. "வம்ச வியாதியாமே" என்றார்கள்.

மரபணுவுக்குப் பங்கு உண்டு, மறுக்கவில்லை. நம் இரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் செய்யும் பி செல்களின் மேல், 'போதும், நிறுத்து' என்ற சமிக்ஞையை வாங்கும் ஏற்பி ஒன்று இருக்கிறது. அதன் மரபணுவில் ஒரேயொரு எழுத்து மாறினால் அந்தத் தடை சரியாக வேலை செய்யாது. தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் அந்த மாற்றம் வந்தவர்களுக்கு லூபஸ் வரும் வாய்ப்புக் கூடுகிறது. ஆனால் அதே மாற்றம் கென்யாவில் குழந்தைகளைக் கடுமையான மலேரியாவிலிருந்து காத்ததாக 2010இல் வெளியான ஆய்வு சொல்கிறது. ஆபிரிக்காவிலும் தென்கிழக்காசியாவிலும் இது அதிகம் காணப்படுவதற்கு மலேரியாவே காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்து, மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டுவழியே நடந்து, காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் வழிநெடுக மாண்டவர்கள் போக மிஞ்சியவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். ஒரு காய்ச்சலைத் தாங்க உதவிய மரபணுவை இழுக்கு என்று எப்படிச் சொல்வது?

அப்புறம், மரபணு மட்டும் நோயைக் கொண்டுவருவதில்லை. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரில் ஒருவருக்கு லூபஸ் இருந்தாலும், மற்றவருக்கு வராமல் போவதே அதிகம். வெயில், தொற்று, பெண்களின் ஹோர்மோன் எல்லாம் சேர்கின்றன. நோயாளிகளில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள். கொழுந்து மலையில் நிற்பவர்களும் பெரும்பாலும் பெண்கள்தான்.

இன்று என் அக்கா மகள் லூபஸுக்காக விழுங்கும் ஹைட்ரொக்சிகுளோரோகுயின்கூட மலேரியாவுக்கென்று வந்த மருந்துதான். 1934-35இல் சுமார் 80,000 பேரைக் கொன்ற மலேரியா இலங்கையை விட்டுப் போய்விட்டதென 2016இல் அறிவித்தார்கள். மாத்திரை மட்டும் எங்கள் வீட்டு அலுமாரியில் இருக்கிறது. அவளும் தேறி வருகிறாள். அந்த மாத்திரை கண்ணைப் பாதிக்கலாம் என்பதால் கண்ணையும் வருடாவருடம் காட்டுகிறோம்.

தோட்ட டிஸ்பென்சரியில் மூட்டு வலி, முகச் சிவப்பு, வாய்ப்புண், முடி உதிர்வு என்று ஓர் இளம்பெண் திரும்பத் திரும்ப வந்தால், முதலில் ஒரு சிறுநீர்ப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். சிறுநீரில் புரதம் போகிறதா என்று பார்க்கும் சோதனைப் பட்டிக்குப் பெரிய செலவில்லை. இரண்டு வருடம் முந்தி அதைச் செய்திருந்தால் அவளுடைய சிறுநீரகம் இவ்வளவு பழுதாகியிருக்காது. இதை உங்கள் பத்திரிகை ஒரு முழுப் பக்கத்தில் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு சித்தி,
பொகவந்தலாவை