அந்த ஐ7 வேண்டாம்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கு அனைவரும் நலம். நீ கேம் விளையாடுவதற்கென்று கம்ப்யூட்டர் வாங்கப் போவதும், ரிச்சி தெருவில் ஒருவர் பழைய இன்டெல் ஐ7 4770 பிராசஸர் ஒன்றை விலை குறைத்துத் தருவதாகச் சொல்லியிருப்பதும் பாப்பா சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. மஞ்சக்குப்பத்தில் இத்தனை வருடமாக சர்வீஸ் கடை நடத்தும் என்னிடம் இதைக்கூடக் கேட்க உனக்குத் தோன்றவில்லை. போகட்டும். சித்திரையில் அறுபதாயிரம் வரை போகலாம் என்றிருந்த நீ, இப்போது நாற்பதுக்குள் முடிக்க வேண்டும் என்கிறாயாம். ஏன் குறைந்தது என்று நான் கேட்கவில்லை. நாற்பதுக்குள் எது சரியாக இருக்கும் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

அந்த ஐ7-ஐ வாங்காதே. அது 2013-இல் வந்தது. கணக்குப் போடும் மூளையாக நான்கு கோர், ஒரே நேரத்தில் ஓடும் வேலை வரிசையாக எட்டு த்ரெட், டிடிஆர்3 என்ற பழைய வகை ரேம். 2022-இல் வந்த ஐ3 12100எஃப்-க்கும் அதே நான்கு கோர், எட்டு த்ரெட்தான் என்றாலும், அதன் ஒவ்வொரு கோரும் பழையதைவிட வெகு வேகமாக வேலை செய்வதால், கேமில் அந்த ஐ3-தான் முந்தும். 4770-க்கு விண்டோஸ் 11 ஆதரவை மைக்ரோசாஃப்ட் தரவும் இல்லை. பெயரில் உள்ள 7-ஐப் பார்த்துப் பணத்தைக் கொடுத்துவிடாதே.

என்னைக் கேட்டால் ஏஎம்டியின் ரைசன் 5 5600 பிராசஸர் என்பேன். ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட், 65 வாட். சூட்டைத் தணிக்கும் ஹீட்சிங்க் ஃபேனும் பெட்டியிலேயே வரும். உன்னிடம் இருப்பது நொடிக்கு 60 முறை மட்டுமே படத்தை மாற்றும் 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் என்பதால், இதற்கு மேல் பிராசஸருக்குச் செலவழிக்கும் ஒவ்வொரு ரூபாயும் கிராஃபிக்ஸ் கார்டிலிருந்து பிடுங்கிய ரூபாய்தான். ஆனால் ஒன்று: கார்டு இல்லாமல் 5600-ஐப் போட்டால் திரையில் எதுவும் வராது. கார்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற நிலை என்றால் 5600ஜி வாங்கு. அதில் பிராசஸருக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகமான எல்3 கேஷ் 32 எம்பிக்குப் பதில் 16 எம்பிதான். இருந்தாலும் கிராஃபிக்ஸ் உள்ளேயே இருப்பதால், எட்டு ஜிபி ரேம் இரண்டாகப் போட்டு லேசான கேம்களை ஆடலாம். நீ எந்த நிலையில் இருக்கிறாய் என்பது தெரிந்தால் இரண்டில் ஒன்றை உறுதியாகச் சொல்லிவிடுவேன்.

தவணையில் மட்டும் வாங்காதே. மாமா விஷயம் உனக்கு நினைவிருக்கும்.

பழைய ரைசன் கிடைத்தால் கவிழ்த்துப் பார்த்து வாங்கு, ஏனென்றால் இந்த வகையில் பின்கள் பிராசஸரின் அடியில்தான் இருக்கின்றன. பிராசஸருக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே தடவிய பேஸ்ட் காய்ந்து இறுகியிருக்கும்போது ஹீட்சிங்கை நேராக இழுத்தால், பூட்டிய சாக்கெட்டிலிருந்து பிராசஸரும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். ஓரத்துப் பின்கள்தான் முதலில் வளையும். பத்தாம் வகுப்பில் படித்தபோது நம் கடையில் அப்படி வந்த ஒன்றை, பிளேடு முனையால் ஒவ்வொரு பின்னாக நிமிர்த்தி ஓட வைத்தவன் நீ. அந்தப் பொறுமை உள்ளவன் இன்று யாரோ சொன்ன பெயருக்கு மயங்குவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பி450 மதர்போர்டு என்றால், அதைத் தொடங்கி வைக்கும் மென்பொருளான பயாஸ் பழையதாக இருந்தால் 5600 ஓடாது. பயாஸ் அப்டேட் செய்திருக்கிறதா என்று கடையில் கேட்டுக்கொள். பணம் போதவில்லை என்றால் பழைய எஸ்எஸ்டி ஒன்று கடையில் இருக்கிறது, கொடுத்தனுப்புகிறேன். தவணை வேண்டாம்.

இன்னும் நல்லது, வாங்கியவற்றைப் பிரிக்காமல் எடுத்துக்கொண்டு இங்கே வந்துவிடு. பூட்டி, ஓட்டிப் பார்த்துத் தருகிறேன். லீவு கிடைக்கும்போது வா. லீவு கேட்க வேண்டிய தேவையே இப்போது உனக்கு இல்லை என்றாலும் வா, யாரும் எதுவும் கேட்க மாட்டோம்.

போர்டின் மாடல் எண்ணையாவது இன்றைக்கே அனுப்பு.

அன்புடன்,
அம்மா