கிராணி வீட்டுக் கமலாவுக்கு

சுங்கை சிப்புட், பேராக்

அன்புள்ள கமலா,

உன் கடிதம் கிடைத்தது. கிள்ளானில் மகள் வீட்டோடு போய்விட்டாயாமே, நல்லது. அந்த முழங்காலை வைத்துக்கொண்டு தனியாக இருக்க முடியாது. எனக்குச் சர்க்கரை ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிறது. மற்றபடி சுகம். பசாருக்கு இன்னும் நானேதான் போய் வருகிறேன்.

"தோட்டத்து வாழ்க்கை மாதிரி வருமாடி" என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்துச் சிரித்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. நீ தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி வீட்டுப் பிள்ளை. நான் உங்கள் வீட்டுப் பின்வாசலில் பால் போத்தலோடு நின்றவள்.

அம்மா மூன்றரை மணிக்கே எழுந்து மாடு கறக்கும். சோறாக்கி, எங்கள் இரண்டு பேரையும் உலுக்கி எழுப்பி, போத்தல்களை வரிசையாக வைத்துவிட்டு, வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு ஓடும். வெயில் ஏறினால் ரப்பர் மரத்தில், அதுதான் நம் கித்தாவில், பால் சரியாக ஓடாதே. தோட்டத்து ஆளுங்க இருந்த லயத்து வரிசை வீடுகள் தங்கச்சிக்கு, கிராணி வீடுகள் எனக்கு. சாணி அள்ளிப் புல்லறுத்த பிறகுதான் பள்ளிக்கூடம். நாற்றம் என்று மற்ற பிள்ளைகள் தள்ளி உட்காருவார்கள், நீ மட்டும் இடித்துக்கொண்டு உட்காருவாய். உங்கள் வீட்டுக்கு வந்த பாலில் தண்ணீர் கிடையாது, சத்தியம். மற்ற வீடுகளைப் பற்றிக் கேட்காதே.

எங்களை விவசாயக் குடும்பம் என்று யாரும் சொன்னதில்லை. தோட்டத்து ஆளுங்க, அவ்வளவுதான். ஆனால் பிப்ரவரி, மார்ச்சில் இலை கொட்டினால் பால் குறையும், சம்பளமும் குறையும். மழை பெய்தால் பால் வெட்டே இல்லை. பட்டை நனைந்திருந்தால் பால் மங்குக் கிண்ணத்தில் விழாமல் மரத்தோடு வழிந்து வீணாகிவிடும். நீயும் நானும் மழையில் ஆடுவோம், அம்மா வாசலில் நின்று வானத்தைத் திட்டும். அந்த மாதங்களில் அடுப்பு எரிந்தது மாட்டாலும், லயத்துப் பின்னால் அம்மா போட்ட மரவள்ளியாலும் பயிற்றங்காயாலும்தான்.

கையகல மண் கிடைத்தாலும் அம்மா கிழங்குக் குச்சி ஊன்றிவிடும். ஏன் என்று எனக்குப் பிள்ளை பிறந்த பிறகுதான் சொன்னது. 1948 ஜூனில் நம் ஊர்ப் பக்கம் கம்யூனிஸ்டுகள் வெள்ளைக்காரத் தோட்டத் துரைகள் மூன்று பேரைச் சுட்டுக் கொன்று, அவசரகாலம் வந்தபோது அம்மாவுக்குப் பத்து வயது. முள்வேலி, அரிசிப் பங்கீடு. காட்டில் இருக்கிற கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடும் என்று வேலைக்குச் சோறு எடுத்துப் போகவும் விடமாட்டார்களாம். பாட்டி வெறும் வயிற்றோடு மர நிரையை வெட்டி முடித்து வந்ததைப் பார்த்து வளர்ந்த பிள்ளை. நம் காலத்தில் வேலி இல்லை, ஆனால் அம்மாவுக்கு அந்தப் பயம் போகவில்லை.

தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றுவிடுவார்களோ என்ற பயத்தில், தொழிலாளர் காசைச் சேர்த்துத் தோட்டம் வாங்க 1960-இல் அமைச்சர் சம்பந்தன் தொடங்கிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் அப்பா சேர்ந்தார். படிவம் நிரப்பிக் கொடுத்தது உங்கள் அப்பாதான், அதை எங்கள் வீட்டில் மறக்கவில்லை. நம் தோட்டம் சங்கத்துக்கு வரவில்லை. அம்மாவுக்கு மட்டும் எரிச்சல்: "அந்தக் காசுக்கு இன்னொரு மாடு வாங்கியிருக்கலாம்." அப்பா சேர்ந்தது சரி என்றுதான் நான் இன்றும் நினைக்கிறேன். மாடு கட்டவும் நிலம் வேண்டுமே.

அது எண்ணெய்க்காகச் செம்பனை போட்டபோது தெரிந்தது. கித்தாவைச் சாய்த்தார்கள், இளங்கன்றை மேய்ந்துவிடும் என்று மாடுகளை விற்கச் சொன்னார்கள். வந்த விலைக்குக் கொடுத்துவிட்டு அம்மா உதிரிப்பழம் பொறுக்கப் போனது. அதைப் பற்றி அதிகம் எழுத மனசில்லை.

அதற்காக எல்லாம் துக்கம் என்றும் சொல்லமாட்டேன். கித்தாக்கொட்டையைச் சிமெண்டில் தேய்த்து என் தொடையில் சூடு வைத்தாயே, அதற்கு உன்னை இன்னும் மன்னிக்கவில்லை.

போன வாரம் அலமாரியை ஒழித்தபோது பால் கணக்கு நோட்டு கிடைத்தது. அம்மா வாயால் சொல்ல நான் எழுதியது. உங்கள் வீட்டுப் பக்கத்தில் ஒரு மாதம் "பாக்கி" என்று நிற்கிறது, அடிக்கப்படவே இல்லை. தீபாவளிக்கு வரும்போது கொண்டு வா. வட்டி வேண்டாம், முறுக்கு போதும்.

உன்
பாக்கியம்