வகுப்பறையில் பேசக் கூடாத பேச்சு

அன்புள்ள மல்லிகா,

நலம். அம்மாவின் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததாக உன் தம்பி சொன்னான், நிம்மதி. போன கடிதத்துக்கு நான் பதில் போடவில்லை என்ற கோபத்தைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டு இதைப் படி. இப்போது எனக்குத் தோழியும் வேண்டும், வக்கீலும் வேண்டும்.

பன்னிரண்டாம் வகுப்பில் அண்டத்தின் விரிவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். முன்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்து, “எல்லாம் பெருவெடிப்பில் தோன்றியது என்றால் கடவுள் எதற்கு, டீச்சர்?” என்று கேட்டாள். அருமையான கேள்வி. நான் வாய் திறப்பதற்குள் பின்னாலிருந்து ஒருவன் பக்கத்துப் பையனைக் காட்டி, “இவர்கள் வேதத்தில் பூமியே தட்டையாம், டீச்சர்” என்றான். வகுப்பு சிரித்தது. அந்தப் பக்கத்துப் பையன் மட்டும் சிரிக்கவில்லை. பேனா மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தான். இதை எங்கே படித்தாய் என்று கேட்டேன். செல்பேசியில் வீடியோ பார்த்தானாம். அந்த வேதத்தில் ஒரு பக்கமாவது படித்தவர்கள் கையைத் தூக்குங்கள் என்றேன். ஒரு கைகூட எழவில்லை. பேனா மூடிக்காரனும் கையைத் தூக்கவில்லை, மல்லிகா. எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. கேலி செய்தவனுக்கும் தெரியாது, கேலிக்கு ஆளானவனுக்கும் தெரியாது. வீடியோ போட்டவன் வைத்ததுதான் சட்டம்.

அவர்களுக்கு ஜார்ஜ் லெமேத்ரைப் பற்றிச் சொன்னேன். அண்டம் விரிகிறது என்று 1927-இல் கட்டுரை எழுதியவர், எல்லாம் ஒரே ஆதி அணுவிலிருந்து தொடங்கியது என்ற கருத்தை 1931-இல் முன்வைத்தவர். பெல்ஜியத்துக்காரர், கத்தோலிக்கப் பாதிரியார். 1951-இல் போப் பன்னிரண்டாம் பயஸ், படைப்பைப் பற்றிய சமயக் கொள்கைக்கு இந்த அறிவியல் சான்று தருகிறது என்ற தொனியில் உரையாற்றியபோது, சங்கடப்பட்டவர்களில் அந்தப் பாதிரியாரே ஒருவர். தன் கோட்பாட்டைக் கடவுளுக்குச் சாட்சியாக நிறுத்துவதையும் அவர் விரும்பவில்லை, கடவுளுக்கு எதிராக நிறுத்துவதையும் விரும்பவில்லை. வகுப்பு அப்படி அமைதியாகக் கேட்டு நான் பார்த்ததில்லை.

மறுநாள் இரண்டு புகார்கள். பாதிரியாரைப் புகழ்ந்து மதப் பிரசாரம் செய்கிறேன் என்று ஒரு பெற்றோர். கடவுள் தேவையில்லை என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன் என்று இன்னொருவர். ஒரே பாடம்தான்! தலைமையாசிரியர் நல்ல மனிதர், பயந்துவிட்டார். “அரசுப் பள்ளி, அரசியலமைப்பின் 28-ஆம் பிரிவு இருக்கிறது, இனி வகுப்பில் மதம் என்ற பேச்சே வேண்டாம்” என்று வாய்மொழியாக உத்தரவு போட்டுவிட்டார்.

நீ இப்போது தலையாட்டுவாய் என்று தெரியும். மதம் வாசற்படி தாண்டக் கூடாது என்று விடுதி மாடியில் நின்று முழங்கியவள்தானே நீ? பங்கஜம் மேடம் உனக்கு வைத்த பெயரை இங்கே எழுதவில்லை, உன் ஜூனியர்கள் கண்ணில் பட்டுவிடும். ஆனால் சட்டம் என்ன சொல்கிறது என்று உனக்கே தெரியும். முழுக்க அரசு நிதியில் நடக்கும் கல்வி நிறுவனத்தில் மதபோதனை கூடாது. சரி, எனக்கும் அதில் முழுச் சம்மதம். பிள்ளையை ஒரு நம்பிக்கைக்குள் இழுப்பது ஆசிரியர் வேலையே இல்லை. ஆனால் மதத்தைப் போதிப்பது வேறு, மதங்களைப் பற்றிக் கற்பிப்பது வேறு என்று கோத்தாரி கல்விக் குழு 1966-லேயே பிரித்துச் சொல்லிவிட்டது. பள்ளிப் பாடத்திட்டத்தை எதிர்த்துத் தொடுத்த அருணா ராய் வழக்கில் 2002-இல் உச்ச நீதிமன்றமும், மதங்களைப் பற்றிய படிப்பை 28-ஆம் பிரிவு தடுக்கவில்லை என்றுதான் தீர்ப்பளித்தது.

பாடநூலை எழுதுவது யார், எந்த மதத்தின் பக்கம் சாய்ப்பார்கள் என்று கேட்பாய். நியாயமான பயம். அந்த வழக்கே அந்தப் பயத்தில் தொடுக்கப்பட்டதுதான். எல்லா மதமும் அன்பையே போதிக்கிறது என்று இரண்டு பக்கம் எழுதி முடித்துவிடுவார்களோ என்ற பயமும் எனக்கு உண்டு. அது பிள்ளைகளுக்கு ஒன்றுமே சொல்லாது. ஒவ்வொரு மதமும் தன்னைப் பற்றி என்ன சொல்கிறது, அதற்குள்ளேயே யார் எதிர்த்தார்கள், சாதியிலும் பெண்கள் விஷயத்திலும் அது செய்தது என்ன, கடவுளே இல்லை என்றவர்கள் வைத்த வாதம் என்ன, இத்தனையும் வேண்டும். இது நமக்குப் புதிதா? வஞ்சி நகரில் மணிமேகலை சைவவாதி, வைணவவாதி, ஆசீவகர், நிகண்டர் எனப்பட்ட சமணர் என்று ஒவ்வொருவரிடமும் போய் உன் கொள்கை என்ன என்று கேட்கிறாள். கண்ணால் காண்பதையே நம்பும் பூதவாதிக்கும் அந்த வரிசையில் இடம் இருக்கிறது. பௌத்தக் காப்பியம்தான், மணிமேகலை முடிவில் பௌத்தத்தைத்தான் ஏற்கிறாள். ஆனாலும் மற்றவர்களைப் பேசவிட்டுக் கேட்ட பிறகுதான் ஏற்கிறாள்.

உன் வாசற்படிக் கொள்கைக்கு இன்னொரு கேள்வி. அரசியலமைப்பு வரைவுக் குழுவின் தலைவராக இருந்த அம்பேத்கர், 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் லட்சக்கணக்கானோரோடு பௌத்தம் தழுவினாரே, அதை எந்த வீட்டுக்குள் வைத்துப் பூட்டுவாய்? நம்பிக்கையோடு பொதுவெளிக்கு வருகிறவரை வாயை மூடச் சொல்ல முடியாது. ஆனால் எல்லோரையும் கட்டுப்படுத்தும் சட்டம் வேண்டும் என்று கேட்டால், தன் வேதத்தை ஏற்காதவனுக்கும் விளங்கும் காரணத்தை அவர் சொல்லியாக வேண்டும். இதில் நீயும் நானும் ஒன்று. அப்படிக் காரணம் சொல்லவும் கேட்கவும் பள்ளியில் பழகாத பிள்ளை பதினெட்டு வயதில் திடீரென்று பழகிவிடுமா? ஓட்டுச் சீட்டு மட்டும் கைக்கு வந்துவிடும்.

வருகிற வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டம். புகார் கொடுத்த இருவரும் வருகிறார்கள். தலைமையாசிரியருக்கு நான் எழுதியிருக்கும் விளக்கத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். சட்டம் பேசும் இடங்களில் அடிக்கோடு போட்டிருக்கிறேன், தவறு இருந்தால் தயவு பார்க்காமல் திருத்து. தீர்ப்பில் அந்தப் பகுதியின் நகல் ஒன்றும் வேண்டும். வியாழக்கிழமைக்குள் என் கையில் இருந்தால் போதும். என்னோடு சண்டை போட வேண்டுமென்றால் அதைக் கூட்டம் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
சாந்தி