127 டிகிரி காட்டும் கணினி உண்மையிலேயே எரிகிறதா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கும் என் அக்காள் மகன் சென்ற மாதம் தன் மேசைக் கணினியைப் பழுதுபார்க்கும் கடை ஒன்றுக்குத் தூக்கிச் சென்றான். பாடத்துக்காகக் காணொளி தொகுக்க உட்காரும்போதெல்லாம், குறிப்பாகப் பிற்பகல் வேளைகளில், கணினி எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் அணைந்துவிடுகிறது என்பதே குறை. கடைக்காரர் ஒரு மென்பொருளைத் திறந்து, திரையில் சிவப்பு எழுத்தில் நின்ற 127 டிகிரி செல்சியஸ் என்ற எண்ணைக் காட்டி, மதர்போர்டு எரியும் நிலைக்கு வந்துவிட்டதாகவும் அதை மாற்றியே ஆகவேண்டும் என்றும் சொல்லி 480 வெள்ளி கேட்டிருக்கிறார். நல்ல வேளையாக அவன் அந்தத் திரையைக் கைப்பேசியில் படம் பிடித்து எனக்கு அனுப்பினான். மின்னணுச் சாதனப் பராமரிப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அந்த எண் எனக்குப் பழைய அறிமுகம் என்பதால், அதைப் பற்றித் தங்கள் வாசகர்களுக்கும் சொல்ல விரும்புகிறேன்.

எட்டு பிட்டுகளில், அதாவது 0 அல்லது 1 ஆகிய எட்டு இலக்கங்களில், கூட்டல் கழித்தல் குறியோடு ஓர் எண்ணை எழுதினால் அது -128 முதல் +127 வரை மட்டுமே செல்லும். மதர்போர்டில் வெப்பநிலை, மின்னழுத்தம், விசிறி வேகம் ஆகியவற்றைக் கவனிக்கும் சில்லில் வெப்ப உணரிகளுக்கென்று பல உள்ளீட்டு முனைகள் இருக்கின்றன. மதர்போர்டு தயாரிப்பாளர் எல்லா முனைகளிலும் உணரியை இணைப்பதில்லை; சிலவற்றைச் சும்மா விட்டுவிடுவார். அப்படி எதுவும் இணைக்கப்படாத முனையைச் சில்லு அளக்க முயலும்போது, அந்த எட்டு பிட்டு அளவுகோலின் ஏதோ ஒரு கடைசி எண்தான் பெரும்பாலும் விடையாகக் கிடைக்கும். கடைக்காரர் காட்டிய 127 அத்தகையது. அங்கே அளப்பதற்கு உணரியே கிடையாது. மதர்போர்டு மின்தேக்கிகள் பொதுவாக 105 டிகிரி வரை தாங்குமாறு செய்யப்படுபவை என்பதை மட்டும் நினைத்துப் பார்த்திருந்தாலே, 127 டிகிரியில் ஒரு கணினி அமைதியாகத் திரையைக் காட்டிக்கொண்டு நிற்பது ஐயத்தை எழுப்பியிருக்க வேண்டும். கணினிக்கு வேலை கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் அந்த எண் அசையவே இல்லை என்பது இன்னொரு தடயம்; உண்மையான வெப்பநிலை வேலைக்கு ஏற்ப ஏறி இறங்கும்.

இந்த உணரிகளைக் கண்டுபிடிப்பதே சற்று விநோதமான வேலை. யூஎஸ்பியில் செருகும் பொருள் தன் பெயரைத் தானே சொல்லிவிடும். மதர்போர்டில் இருக்கும் கண்காணிப்புச் சில்லு அப்படிச் சொல்லாது. விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் இயங்குதளத்தைப் பயன்படுத்துவோருக்கு எல்எம்-சென்சார்ஸ் என்ற தொகுப்பு இருக்கிறது. நேஷனல் செமிகண்டக்டர் நிறுவனத்தின் எல்எம்75, எல்எம்78 ஆகிய பழைய சில்லுகளின் பெயரே அதற்கு ஒட்டிக்கொண்டது. அதில் சென்சார்ஸ்-டிடெக்ட் என்ற கட்டளையை இயக்கினால், அது தெரிந்த முகவரிகளில் ஒவ்வொன்றாகக் கதவைத் தட்டி, கிடைக்கும் அடையாள எண்ணை வைத்து நுவோட்டான் நிறுவனச் சில்லா, ஐடிஇ நிறுவனச் சில்லா என்று ஊகிக்கிறது. நடுநடுவே கேள்விகள் வரும்; ஒவ்வொன்றுக்கும் அதுவே பரிந்துரைக்கும் விடையை ஏற்று என்டர் விசையை அழுத்தினால் போதும். கண்ட கதவுகளையெல்லாம் தட்டுவது எப்போதும் தீங்கற்றது என்று எண்ணிவிடக் கூடாது என்பதால் இதைச் சொல்கிறேன்: முன்னொரு காலத்தில் சில ஐபிஎம் திங்க்பேட் மடிக்கணினிகளில் இப்படித் தேடியதே உள் நினைவகச் சில்லின் தகவலைக் கெடுத்து, கணினி மறுபடி தொடங்காமல் போன வரலாறு உண்டு. அதன் பிறகுதான் அந்தக் கருவியில் இத்தனை எச்சரிக்கைகள் சேர்ந்தன.

சில்லைக் கண்டுபிடித்த பிறகும் பாதி வேலைதான் முடிந்திருக்கும். எந்த முனையில் எந்த உணரியை இணைத்தார்கள் என்பது மதர்போர்டு தயாரிப்பாளருக்குத்தான் தெரியும். அதைப் பலர் வெளியிடுவதும் இல்லை. ஆகவே திரையில் வரும் சிஸ்டின், ஆக்ஸ்டின் போன்ற பெயர்கள் சில்லின் கால்களுக்கு வைத்த பெயர்களே. கடைக்காரரின் 127 டிகிரிக்கும் அருகில் ஆக்ஸ்டின் என்றுதான் எழுதியிருந்தது. மதர்போர்டு என்ற சொல் திரையில் எங்குமே இல்லை.

கணினியின் மூளையான செயலியின் (சிபியு) வெப்பநிலைக்கு இந்தக் குழப்பம் பெரும்பாலும் கிடையாது, ஏனென்றால் உணரி செயலிக்கு உள்ளேயே இருக்கிறது. லினக்ஸில் இன்டெல் செயலிக்குக் கோர்டெம்ப், ஏஎம்டி செயலிக்குக் கே10டெம்ப் என்ற பெயரில் வரும் வரிகளையே முதலில் பார்க்க வேண்டும். இங்கும் ஒரு நுணுக்கம் உண்டு. இன்டெல் செயலியின் உணரி நேரடியாக வெப்பநிலையைச் சொல்வதில்லை. தன் உச்ச வரம்புக்கு இன்னும் எத்தனை டிகிரி மிச்சம் இருக்கிறது என்பதையே சொல்கிறது. பல செயலிகளில் 100 டிகிரியாக இருக்கும் அந்த வரம்பிலிருந்து கழித்துத்தான் மென்பொருள் நமக்கு ஓர் எண்ணைக் காட்டுகிறது. 2008-இல் வந்த முதல் கோர் ஐ7 தலைமுறையிலிருந்து செயலியிடமே அந்த வரம்பைக் கேட்டுப் பெறலாம். அதற்கு முந்தியவற்றில் மென்பொருள் ஊகித்தே கழித்தது. வரம்புக்கு அருகில் துல்லியமாக இருக்கும் அந்த உணரி, கணினி சும்மா இருக்கும் குளிர்ந்த நிலையில் சில டிகிரி தவறாகக் காட்டலாம். ஏஎம்டியின் கதை வேறு. 2017-இல் வெளிவந்த ரைசன் 1700எக்ஸ், 1800எக்ஸ் ஆகியவை விசிறிக் கட்டுப்பாட்டுக்காக உண்மையைவிட 20 டிகிரி கூட்டியே அறிவித்தன. அதை அறியாமல் பயந்தவர்கள் ஏராளம்.

சிங்கப்பூரில் இருக்கும் நமக்கு இலவசமாகக் கிடைத்த ஒரு சோதனையும் இருக்கிறது. விசிறிக் காற்றால் குளிரும் எந்தச் செயலியும் அறையைவிடக் குளிராக இருக்க முடியாது. குளிரூட்டி போடாத வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டு அறையில் 31 டிகிரி இருக்கும்போது மென்பொருள் 24 என்று காட்டினால், மென்பொருளைத்தான் சந்தேகிக்க வேண்டும். அறையில் ஒரு டிகிரி ஏறினால் செயலியிலும் ஏறத்தாழ ஒரு டிகிரி ஏறும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2023 மே 13 அன்று எங்கள் அங் மோ கியோவில் 37 டிகிரி பதிவாகி, 1983-இல் தெங்காவில் பதிவான நாட்டின் உச்ச வெப்பநிலையைச் சமன் செய்தது நினைவிருக்கும். மாலை வெயில் நேராக விழும் அறையில் கணினி பிற்பகலில் மட்டும் அணைவதில் மர்மம் எதுவும் இல்லை.

விண்டோஸ் பயன்படுத்துவோரின் நிலை இன்னும் சங்கடமானது. டாஸ்க் மேனேஜர் 2020 முதல் தனி கிராஃபிக்ஸ் அட்டையின் வெப்பநிலையைக் காட்டுகிறது, செயலியினுடையதைக் காட்டுவதில்லை. அதற்கு எச்டபிள்யூஇன்ஃபோ போன்ற வெளி மென்பொருளை நாட வேண்டும். அத்தகையவை கணினியின் ஆழம் வரை செல்லும் இயக்கி (டிரைவர்) ஒன்றை நிறுவுகின்றன. பல மென்பொருள்கள் பொதுவில் பயன்படுத்திவந்த விண்ரிங்0 என்ற இயக்கியைப் பாதுகாப்புக் குறை காரணமாக மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் 2025-இல் தடுக்கத் தொடங்கியபோது, நேற்று வரை வெப்பநிலை காட்டிய மென்பொருள் இன்று காட்டாமல் பலர் திகைத்தனர். எதையும் நிறுவ விரும்பாதவர்கள், கணினி தொடங்கும்போது டெலீட் அல்லது எஃப்2 விசையை அழுத்தி பயாஸ் எனும் அடிப்படை அமைப்புத் திரைக்குச் சென்று பார்க்கலாம். அங்கே மதர்போர்டு தயாரிப்பாளரே பெயரிட்ட எண்கள் இருக்கும். ஆனால் அங்கே செயலி தன் மின்சேமிப்பு நிலைகளுக்குச் செல்லாததால் எண் சற்றுக் கூடுதலாகவே தெரியும்.

அக்காள் மகனின் கணினிக்கு வருகிறேன். லினக்ஸை ஒரு யூஎஸ்பி தண்டிலிருந்து தொடங்கி, காணொளி வேலைக்கு நிகரான சுமையைக் கொடுத்துப் பார்த்தோம். கோர்டெம்ப் வரி ஒரு நிமிடத்துக்குள் 52-இலிருந்து 100-ஐத் தொட்டது. விசிறியோ நிமிடத்துக்கு 2,100 சுற்றில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. விசிறி ஓடியும் சூடு இறங்கவில்லை என்றால் செயலிக்கும் அதன் மேலுள்ள உலோகத் தகட்டுக்கும் இடையில்தான் கோளாறு என்று கழற்றிப் பார்த்தேன். வெப்பத்தைக் கடத்த அந்த இடையில் பூசும் வெப்பப் பசை காய்ந்து சுண்ணாம்பாகியிருந்தது. தகட்டின் இடுக்குகளில் தூசி மெத்தைபோல் அடைந்திருந்தது. அதில் பாதி, கூடத்தில் சாமி படத்துக்கு அருகிலேயே கணினியை வைத்திருந்ததால் படிந்த ஊதுவத்திப் புகையின் பிசுக்கு என்று அக்காளிடம் சொல்லிவிட்டு நல்ல பெயரைக் கெடுத்துக்கொண்டேன். புதுப் பசைக்கு 9 வெள்ளி செலவு. அதே வேலையில் செயலி இப்போது 74 டிகிரியில் நிற்கிறது.

அந்தக் கடைக்காரர் வேண்டுமென்றே ஏமாற்றினார் என்று நான் சொல்ல வரவில்லை. அவரும் அந்தச் சிவப்பு எழுத்தை நம்பியிருக்கக்கூடும். என் வேண்டுகோள் இரண்டு. வெப்பநிலையைக் காரணம் காட்டிப் பாகத்தை மாற்றச் சொல்லும் கடைகள், எந்த உணரி, எந்தச் சுமையில், எத்தனை டிகிரி என்று மூன்றையும் விலைச்சீட்டில் எழுதித் தரட்டும். சமூக மன்றங்களில் மூத்தோருக்குக் கணினி சொல்லிக்கொடுப்பவர்கள் இதற்கும் ஒரு மணி நேரம் ஒதுக்கட்டும்; மின்னஞ்சல் அனுப்பக் கற்றவர்களுக்கு இது கடினமே அல்ல.

இணைக்கப்படாத உணரியின் வரியைத் திரையில் வராமல் மறைக்க அமைப்புக் கோப்பில் ஒரே ஒரு வரி எழுதினால் போதும். எழுதித் தரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் மாமா, வருகிறவர்களுக்குக் காட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டான். அது இன்றும் 127 என்றே காட்டுகிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மின்னணுத் தொழில்நுட்பர்,
அங் மோ கியோ