விரிசலையும் சேர்த்து வார்த்திருக்கிறீர்கள்

அனுப்புநர்:
உரிமையாளர்,
செயின்சா பழுதுபார்க்கும் பட்டறை,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர்,
உதிரிபாக வார்ப்புப் பிரிவு,
கோயம்புத்தூர்.

பொருள்: 'ஸ்டில்' கம்பெனியின் 'கான்ட்ரா' மாடல் செயின்சாவுக்கு (மரம் அறுக்கும் மிஷின்) நீங்கள் செய்து தந்த ஸ்டார்ட்டர் கவர் (கயிற்றை இழுத்து இன்ஜினைக் கிளப்பும் பகுதியின் மூடி) பொருந்தாதது, அசல் கவரை உடைத்து அனுப்பியது குறித்து.

ஐயா, வணக்கம்.

போன மாதம் உங்கள் பார்சலைப் பிரித்து, புதுக் கவரை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். கயிறு வெளியே வரும் துளைக்குக் கீழே மூன்று சென்டிமீட்டருக்கு ஒரு கோடு. கீறல்தான் என்று உப்புத்தாளை வைத்துத் தேய்த்தேன், போகவில்லை. பிறகுதான் உறைத்தது. நான் சாம்பிளுக்கு அனுப்பிய பழைய கவரில் இருந்த விரிசல் அது! எந்தக் குறைக்காகப் புதுசு கேட்டேனோ, அதையும் சேர்த்து வார்த்துக் கொடுத்திருக்கிறீர்கள்.

கான்ட்ரா 1959-இல் ஜெர்மனியில் வந்த மாடல். கியர் இல்லாமல் இன்ஜினின் கிராங்க் தண்டிலிருந்து நேரே செயினை ஓட்டும். 12 கிலோ எடை, 6 குதிரைத் திறன். என்னிடம் இருப்பது, எஸ்டேட்டில் சில்வர் ஓக் அறுக்க என் அப்பா தோளில் சுமந்த மிஷின். பழைய இரும்புக்குப் போக இருந்ததை எடை போட்டு வாங்கி வந்தேன். டயாபிரம், பாயின்ட், பிஸ்டன் ரிங் எல்லாம் அங்கே இங்கே அலைந்து தேற்றிவிட்டேன். இந்தக் கவர் ஒன்றுதான் எங்கும் கிடைக்கவில்லை. அதனால்தான் உங்களிடம் வந்தேன்.

பேசியதை ஞாபகப்படுத்துகிறேன். அசல் கவர் மெக்னீசியம். அதை உருக்குவது நெருப்போடு விளையாட்டு என்று உங்கள் ஆள் சொன்னார். அலுமினியமே போதும் என்று நான்தான் ஒப்புக்கொண்டேன். எடை ஒன்றரை மடங்கு ஆகும் என்று தெரிந்தேதான் சொன்னேன், அதில் எனக்குப் புகார் இல்லை. மண் அச்சில் அவ்வளவு மெல்லிசாக உலோகம் ஓடாது, சுவர் தடிமன் கொஞ்சம் கூடும் என்றார். அதற்கும் சரி என்றேன். ஆனால் கூடுவது வெளிப்பக்கமாகக் கூடட்டும், உள்ளே ஃப்ளைவீல் (விசிறி இதழ் வைத்த சக்கரம்) சுற்றுகிறது என்று ஆர்டர் தாளில் கோடு போட்டு எழுதிக் கொடுத்தேன். அளவெடுத்து, மரத்தில் பேட்டர்ன், அதாவது மண்ணில் அச்சுப் பதிக்கும் மாதிரி, செய்து, அதை வைத்து வார்ப்பதாகப் பேச்சு. 14,500 ரூபாய் பில்லில் பேட்டர்னுக்கு மட்டும் 9,000 போட்டிருக்கிறீர்கள்.

அந்த மரப் பேட்டர்ன் எங்கே? அப்படி ஒன்றைச் செய்யவே இல்லை என்கிறேன். பழைய கவரின் உள்பக்கம் பட்டி தடவி, அதையே மண்ணில் பதித்திருக்கிறீர்கள். விரிசல் ஒரு சாட்சி. உள்சுவரில் பட்டியை விரலால் இழுத்த தடம் இன்னொரு சாட்சி.

அலுமினியம் இறுகி ஆறும்போது நீளத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 1.3 சுருங்கும். பேட்டர்ன் செய்கிறவர்கள் அதற்கென்றே தனி ஸ்கேல் வைத்திருப்பார்கள். கோவையில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. அசலையே பேட்டர்னாக வைத்தால் 160 மில்லிமீட்டருக்கு 2 மில்லிமீட்டர் குறையத்தான் செய்யும். குறைந்திருக்கிறது. மேல் ஸ்க்ரூவை மாட்டினால் கீழ்த் துளையில் பாதி மூடிக்கிடக்கிறது.

போன் செய்தேன். "துளையை அரம் போட்டு நீட்டிக்குங்கண்ணா, செட் ஆயிடும்" என்றார் உங்கள் பையன். அவர் பேச்சைக் கேட்டது என் புத்திகெட்ட வேலை. அரம் போட்டு, மாட்டி, நல்லவேளையாகக் கயிற்றை இழுக்காமல் ஃப்ளைவீலைக் கையால் மெதுவாகச் சுற்றினேன். கர்ரென்று ஒரு உரசல். கழற்றிப் பார்த்தால், தடிமன் கூட்டிய உள்சுவரில் பிறை மாதிரி வெள்ளிக் கோடு. விசிறி இதழ்களின் நுனியிலும் தேய்மானம். ஓடவிட்டிருந்தால் இதழ்கள் தெறித்து, கிடைக்காத பொருள் ஒன்று இரண்டாகியிருக்கும்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். அசல் கவரை என்ன செய்தீர்கள்? அனுப்பும்போது இருந்தது ஒரே ஒரு விரிசல். திரும்பி வந்ததோ செய்தித்தாளில் சுற்றிய இரண்டு துண்டு. ஸ்டார்ட்டர் கப்பி உட்காரும் குமிழைக் காணவே இல்லை. மண்ணை இடித்துக் கெட்டிக்கும்போது உடைந்திருக்க வேண்டும். உடைந்ததை ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பதுதான் எனக்குக் கோபம். அந்த விரிசலை ஆர்கான் வெல்டிங்கில் ஒட்டவைக்க எனக்கு ஒரு வழி இருந்தது. இப்போது அதுவும் போச்சு.

சுருக்கத்துக்கு அளவு விட்டு, முறையாகப் பேட்டர்ன் செய்து, ஸ்க்ரூ துளைகளை மெஷினில் போட்டு, வேறு கவர் வார்த்துத் தாருங்கள். முடியாது என்றால் 14,500 ரூபாயையும் கூரியர் செலவு 420 ரூபாயையும் திருப்பிக் கொடுங்கள். எதுவானாலும் உடைந்த அசலுக்கு என்ன ஈடு என்று எழுத்தில் சொல்லுங்கள்; போனில் வேண்டாம்.

15 நாள் பார்ப்பேன். வழக்குப் போட நான் கோவைக்கு இறங்கி வரவேண்டியதில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுக் கொடுக்கலாம், 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமும் கிடையாது. பில், ஆர்டர் தாள், வெர்னியர் வைத்து எடுத்த போட்டோக்கள் எல்லாவற்றின் நகலும் இத்துடன் இருக்கின்றன.

அதற்கு முன்னால், உங்கள் பட்டறை மண்ணைச் சலித்தாவது அந்தக் குமிழைத் தேடுங்கள். கட்டைவிரல் அளவு இருக்கும். ஓரத்தில் எஸ்டேட்காரர்கள் அடித்த பச்சைப் பெயிண்ட் கொஞ்சம் ஒட்டியிருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
கோத்தகிரி.